காப்பகங்களிலிருந்து சமூக வாழ்வுக்கு: ஓம்ஸ்டெட் தீர்ப்பும் அதன் பின்னணியும்

மாற்றுத்திறனாளிகளைப் பெரிய காப்பகங்கள், மனநல மருத்துவமனைகள், நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்கள் ஆகியவற்றிலிருந்து வெளியே கொண்டுவந்து, ஊருக்குள் மற்றவர்களைப் போல வாழ உதவும் முயற்சி நிறுவன நீக்கம் எனப்படுகிறது. பெயரைக் கேட்டால் ஏதோ கட்டடத்தை இடிக்கும் வேலை போலத் தோன்றும். உண்மையில் இவ்வேலையின் பெரும்பகுதி அந்தக் கட்டடத்துக்கு வெளியேதான் நடக்கிறது. வீடு பார்த்துக் கொடுப்பது, காலையில் எழுப்பிக் குளிப்பாட்ட ஆள் ஏற்பாடு செய்வது, மருந்து தவறாமல் கிடைக்கச் செய்வது, இவற்றுக்கெல்லாம் யார் பணம் தருவது என்று முடிவு செய்வது ஆகியவை அதில் அடங்கும்.

அமெரிக்காவில் இம்முயற்சிக்கு அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அதில் முக்கியமான திருப்பம் 1999 ஜூன் 22 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வழங்கிய ஓம்ஸ்டெட் தீர்ப்பாகும். காரணமின்றி ஒருவரைக் காப்பகத்தில் ஒதுக்கி வைப்பது சட்டப்படி பாகுபாடு என்று அத்தீர்ப்பு கூறியது.

எது நிறுவனம்?

நிறுவனம் என்றவுடன் உயர்ந்த சுவர்களும் நீண்ட கூடங்களும் நினைவுக்கு வரும். ஆனால் ஓர் இடம் நிறுவனமா, வீடா என்பதை அதன் பரப்பளவைக் கொண்டு மட்டும் சொல்லிவிட முடியாது. எப்போது எழுவது, என்ன சாப்பிடுவது, யாருடன் ஓர் அறையைப் பகிர்ந்துகொள்வது, வெளியே போகலாமா என்பவற்றை அங்கு வாழ்பவர் தீர்மானிக்கிறாரா, நடத்துபவர் தீர்மானிக்கிறாரா என்று பார்க்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் குழு 2017இல் வெளியிட்ட விளக்கவுரையும் இந்த அளவுகோலையே வலியுறுத்துகிறது. வாசல் சாவி யார் கையில் இருக்கிறது என்று கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். ஐந்து பேர் மட்டுமே வாழும் சிறிய இல்லமும் நடத்தப்படும் முறையால் ஒரு குட்டிக் காப்பகமாகிவிடக்கூடும்.

பெரிய காப்பகங்களின் காலம்

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில், அறிவுத்திறன் குறைபாடுள்ள குழந்தை பிறந்தால் அரசுக் காப்பகத்தில் சேர்த்துவிடுமாறு அமெரிக்க மருத்துவர்களே பெற்றோருக்கு அறிவுரை கூறுவது வழக்கமாக இருந்தது. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் இருந்த வில்லோபுரூக் அரசுப் பள்ளி இவற்றுள் பெயர் கெட்டது. பள்ளி என்பது பெயரளவில்தான். 4,000 பேருக்காகக் கட்டப்பட்ட அங்கு 1960களின் நடுவில் ஏறத்தாழ 6,000 பேர் அடைந்து கிடந்தனர். 1965இல் செனட்டர் ராபர்ட் கென்னடி அங்கு சென்று பார்த்துவிட்டு அதன் நிலையைப் பகிரங்கமாகக் கண்டித்தார். 1972இல் ஜெரால்டோ ரிவேரா என்ற செய்தியாளர் படக்கருவியுடன் உள்ளே புகுந்து எடுத்த காட்சிகள் தொலைக்காட்சியில் வெளியாகி நாட்டை உலுக்கின. பெற்றோர்கள் தொடுத்த வழக்கு 1975இல் நீதிமன்ற உடன்படிக்கையில் முடிந்தது. 1987இல் வில்லோபுரூக் மூடப்பட்டது.

பென்சில்வேனியாவின் பென்ஹர்ஸ்ட் காப்பகமும் இதே பாதையில், நீண்ட வழக்குக்குப் பிறகு, அதே 1987இல் மூடப்பட்டது. பென்ஹர்ஸ்ட்டிலிருந்து வெளியேறியவர்களை ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பதிவு செய்தனர். ஊருக்குள் வந்தவர்கள் தம் வேலைகளைத் தாமே செய்துகொள்வதில் முன்னேறியிருந்தனர். குடும்பத்தாரைப் பற்றிய செய்தி இன்னும் கவனிக்கத்தக்கது. இடமாற்றத்துக்கு முன்பு அவர்களில் பெரும்பாலோர் அதை எதிர்த்தவர்கள். நாளைக்கு இந்தத் திட்டம் நின்றுபோனால் பிள்ளை எங்கே போவான் என்பது அவர்களின் அச்சம். பிள்ளைகள் வெளியே வந்து வாழ்வதைக் கண்ட பிறகு அவர்களில் பெரும்பாலோர் கருத்தை மாற்றிக்கொண்டனர். பெற்றோரின் எதிர்ப்பை அன்பின்மை என்று எண்ணுவது தவறு. காப்பகத்துக்கு மாற்றாக எதையும் அவர்கள் அதுவரை கண்ணால் கண்டதில்லை.

கதவு திறந்தது, உதவி வரவில்லை

மனநல மருத்துவமனைகளின் கதை வேறு விதமாக நடந்தது. 1955இல் அமெரிக்காவின் அரசு மனநல மருத்துவமனைகளில் ஏறத்தாழ 5,59,000 பேர் இருந்தனர். அக்காலத்தில் புழக்கத்துக்கு வந்த புதிய மருந்துகள், நோயாளிகள் வெளியே வாழ முடியும் என்ற நம்பிக்கையைத் தந்தன. ஊர்தோறும் மனநல மையங்கள் அமைப்பதற்கான சட்டத்தில் 1963 அக்டோபர் 31 அன்று குடியரசுத் தலைவர் ஜான் கென்னடி கையெழுத்திட்டார். சில வாரங்களில் அவர் கொல்லப்பட்டார். திட்டமிட்ட மையங்களில் ஏறத்தாழ பாதி மட்டுமே கட்டப்பட்டன. கட்டப்பட்டவற்றுக்கும் தொடர்ந்து நடத்தப் போதிய பணம் வரவில்லை.

மருத்துவமனைப் படுக்கைகள் மட்டும் வேகமாகக் குறைந்தன. பலர் குடும்பத்தோடு சேர்ந்தனர், நலமாகவும் வாழ்ந்தனர். ஆனால் வேறு பலர் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களுக்குச் சென்றனர். சிலர் தெருவுக்கும் சிறைக்கும் போய்ச் சேர்ந்தனர். மருத்துவமனையில் செலவான பணம் நோயாளியோடு ஊருக்கு வராததே இதற்கு முதன்மையான காரணம். அமெரிக்க நகரங்களில் வீடற்றோர் பெருகியதற்கு நிறுவன நீக்கத்தையே குற்றவாளியாக்கும் எழுத்துகள் பல உண்டு. வெளியே செய்ய வேண்டிய பாதி வேலை செய்யப்படவில்லை என்பதை அவை பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுகின்றன.

பணம் ஏன் கட்டடத்தோடு ஒட்டிக்கொண்டது?

இதைப் புரிந்துகொள்ள மெடிக்கெய்ட் திட்டத்தை அறிய வேண்டும். வருமானம் குறைந்தோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மருத்துவச் செலவை ஏற்பதற்காக 1965இல் தொடங்கப்பட்ட இத்திட்டத்துக்குக் கூட்டாட்சி அரசும் மாநில அரசுகளும் சேர்ந்து பணம் தருகின்றன. இதில் சேரும் ஒவ்வொரு மாநிலமும் தகுதியுள்ளவருக்கு நர்சிங் ஹோம் செலவைக் கட்டாயம் தர வேண்டும். (தமிழ்நாட்டில் நர்சிங் ஹோம் என்றால் சிறிய தனியார் மருத்துவமனை, அமெரிக்காவில் அது முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் நீண்ட காலம் தங்கும் பராமரிப்பு இல்லம்.) வீட்டுக்கே வந்து செய்யும் உதவிகளில் பெரும்பாலானவையோ மாநிலம் விரும்பினால் தரலாம் என்ற வகையில் வைக்கப்பட்டன. ஆகவே கழுத்துக்குக் கீழே செயலிழந்த இளைஞர் ஒருவர் இல்லத்தில் சேர்ந்தால் அரசு முழுச் செலவையும் ஏற்கும். அதே உதவியை வீட்டில் பெற விரும்பினால் காத்திருப்போர் பட்டியலில் நிற்க வேண்டும்.

இந்த முரண்பாட்டை நாட்டுக்குக் காட்டியவள் ஒரு சிறுமி. அயோவா மாநிலத்தில் 1978இல் பிறந்த கேட்டி பெக்கெட், சில மாதக் குழந்தையாக இருந்தபோது மூளையழற்சியால் பாதிக்கப்பட்டாள். மூச்சுவிடச் செயற்கைச் சுவாசக் கருவி தேவைப்பட்டது. மூன்று வயதில், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்ற நிலை வந்தது. ஆனால் மருத்துவமனையில் இருக்கும் வரைதான் மெடிக்கெய்ட் பணம் தரும். வீட்டுக்குப் போனால் பெற்றோரின் வருமானம் கணக்கில் சேர்ந்து, அவள் தகுதியை இழப்பாள். வீட்டில் ஆகும் செலவு மருத்துவமனைச் செலவைவிட மிகக் குறைவு என்பதுதான் வேடிக்கை. 1981 நவம்பரில் குடியரசுத் தலைவர் ரீகன் செய்தியாளர் சந்திப்பில் இதை எடுத்துச் சொன்னார். விதி தளர்த்தப்பட்டது, கேட்டி வீடு திரும்பினாள். அரசுச் செலவைக் குறைப்பதையே கொள்கையாகக் கொண்டிருந்த ரீகன் இதைக் கையில் எடுத்தது வியப்பல்ல. அதே ஆண்டில், காப்பகத்துக்குத் தரும் பணத்தை வீட்டுச் சேவைகளுக்குத் திருப்பிவிட மாநிலங்கள் சிறப்பு அனுமதி கோரலாம் என்று சட்டமும் திருத்தப்பட்டது. கேட்டி வளர்ந்து, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காகப் பேசுபவராகி, 2012இல் மறைந்தார்.

ஓம்ஸ்டெட் வழக்கு

1990 ஜூலை 26 அன்று அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் கையெழுத்தானது. அரசின் சேவைகளில் மாற்றுத்திறனாளிகளுக்குப் பாகுபாடு காட்டக் கூடாது என்பது அதன் ஒரு பகுதி. அதன்கீழ் வகுக்கப்பட்ட விதி, சேவைகளை அவரவர் தேவைக்கேற்ப, இயன்ற அளவு மற்றவர்களோடு சேர்ந்து வாழும் சூழலில் வழங்க வேண்டும் என்றது. இதன் பொருள் என்ன என்பதை உச்ச நீதிமன்றம் வரை கொண்டு சென்றவர்கள் ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த இரு பெண்கள்.

லோயிஸ் கர்ட்டிஸ் அறிவுத்திறன் குறைபாடும் மனச்சிதைவு நோயும் கொண்டவர். சிறுவயது முதலே மருத்துவமனைகளுக்கும் காப்பகங்களுக்கும் போய்வந்தவர். 1992 மே மாதம் அட்லாண்டாவில் உள்ள ஜார்ஜியா வட்டார மருத்துவமனையில் சேர்ந்தார். ஓராண்டில் அவர் நிலை சீரானது. ஊருக்குள் வாழ்ந்தபடியே சிகிச்சை பெறலாம் என்று 1993இல் அவருக்குச் சிகிச்சையளித்த குழுவே ஒப்புக்கொண்டது. ஆயினும் வெளியே இடம் ஏற்பாடு செய்யப்படவில்லை. 1996 பிப்ரவரி வரை அவர் மருத்துவமனையிலேயே வைக்கப்பட்டிருந்தார். இடையில் அட்லாண்டாவின் சட்ட உதவி அமைப்பைச் சேர்ந்த வழக்கறிஞர் சூ ஜேமிசன் மூலம் 1995இல் வழக்குத் தொடுத்தார்.

எலைன் வில்சன் பின்னர் வழக்கில் சேர்ந்துகொண்டார். 1995 பிப்ரவரியில் அதே மருத்துவமனையில் சேர்ந்த அவரை, அடுத்த மாதமே வீடற்றோர் தங்கும் விடுதிக்கு அனுப்ப மருத்துவமனை முயன்றது. வழக்கறிஞர் முறையீடு செய்த பிறகே அம்முயற்சி கைவிடப்பட்டது. வெளியே அனுப்பினால் விடுதிக்கு, இல்லாவிட்டால் மருத்துவமனைக்குள்ளேயே என்ற இரண்டு வழிகள்தான் அவருக்கு முன்னால் வைக்கப்பட்டன.

வழக்கில் மாநிலத்தின் சார்பில் எதிர்வாதியாக நின்றவர் அதன் மனிதவளத் துறை ஆணையர் டாமி ஓம்ஸ்டெட். தீர்ப்பு அவர் பெயராலேயே வழங்குகிறது. பணமில்லாததே காரணம், பாகுபாடு காட்டவில்லை என்பது மாநிலத்தின் வாதம். நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, 6க்கு 3 என்ற கணக்கில், அதை ஏற்கவில்லை. தேவையின்றி ஒருவரை ஒதுக்கி வைப்பது இருவகையில் பாகுபாடாகிறது என்று அது விளக்கியது. ஒன்று, இவர்கள் சமூகத்தில் கலந்து வாழத் தகுதியற்றவர்கள் என்ற தவறான எண்ணத்தை அது நிலைநிறுத்துகிறது. இரண்டு, குடும்ப உறவு, நட்பு, வேலை, சம்பாத்தியம், கல்வி ஆகிய அன்றாட வாழ்க்கையை அது பெரிதும் சுருக்கிவிடுகிறது.

தீர்ப்பு எல்லாக் காப்பகங்களையும் மூடச் சொல்லவில்லை. மூன்று நிபந்தனைகள் பொருந்தும்போது மாநிலம் சமூகத்தில் இடம் தர வேண்டும்: வெளியே வாழ்வது பொருத்தமானது என்று சிகிச்சையளிக்கும் வல்லுநர்கள் கருத வேண்டும், அந்த நபர் அதை எதிர்க்கக் கூடாது, மாநிலத்தின் வளங்களையும் மற்றவர்களின் தேவைகளையும் கருதிப் பார்க்கையில் அது நியாயமாக இயலக்கூடியதாக இருக்க வேண்டும். மூன்றாவது நிபந்தனை மாநிலங்களுக்கு விட்ட சந்து என்று விமர்சிப்போர் உண்டு. காத்திருப்போர் பட்டியல் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது நியாயமான வேகத்தில் நகர வேண்டும் என்றும் தீர்ப்பு கூறியது. நியாயமான வேகம் எது என்பதுதான் அதன்பின் பல மாநிலங்களில் நடந்த வழக்குகளின் பொருளாயிற்று.

லோயிஸ் கர்ட்டிஸ் வெளியே வந்து ஓவியரானார். முகங்களை வரைவது அவருக்குப் பிடித்தது. 2011 ஜூனில் வெள்ளை மாளிகைக்குச் சென்று தம் ஓவியம் ஒன்றைக் குடியரசுத் தலைவர் ஒபாமாவுக்கு அளித்தார். 2022 நவம்பரில் தம் 55ஆம் வயதில் காலமானார்.

பணம் ஆளைப் பின்தொடர்தல்

தீர்ப்பு உரிமையைத் தந்தது. அதை நடைமுறைப்படுத்தப் பணத்தின் பாதையை மாற்ற வேண்டியிருந்தது. 2006இல் கையெழுத்தான ஒரு சட்டத்தின் வழியே, பணம் ஆளைப் பின்தொடரட்டும் என்ற பொருள்படும் பெயரில் ஒரு திட்டம் வந்தது. காப்பகத்திலிருந்து ஒருவர் வெளியேறினால், முதல் ஓராண்டுக்கு அவருடைய வீட்டுச் சேவைகளுக்குக் கூட்டாட்சி அரசு வழக்கத்தைவிடக் கூடுதல் பங்கு தரும். தொடக்கத்தில் குறைந்தது 6 மாதம் காப்பகத்தில் இருந்தவர்களே தகுதி பெற்றனர். 2010இல் அது 90 நாளாகவும், பின்னர் 60 நாளாகவும் குறைக்கப்பட்டது. அவர் குடிபோகும் இடம் சொந்த வீடாகவோ குடும்ப வீடாகவோ தம் பெயரில் ஒப்பந்தம் போட்ட வாடகை வீடாகவோ இருக்கலாம். கூட்டு இல்லமாயின் உறவினரல்லாத நால்வருக்கு மேல் அங்கு இருக்கக் கூடாது. குட்டிக் காப்பகங்கள் முளைப்பதைத் தடுக்கவே இந்த வரம்பு. இத்திட்டத்தின்கீழ் இதுவரை 1,00,000க்கும் மேற்பட்டோர் வெளியே வந்துள்ளனர். 2013இல் முதன்முறையாக, மெடிக்கெய்ட்டின் நீண்டகாலப் பராமரிப்புச் செலவில் வீட்டுச் சேவைகளின் பங்கு காப்பகங்களின் பங்கைத் தாண்டியது.

ஓர் இடமாற்றம் எப்படி நடக்கிறது என்பதை அறிந்தால்தான் இதன் அருமை தெரியும். இடமாற்ற ஒருங்கிணைப்பாளர் ஒருவர் காப்பகத்துக்கு வந்து, எங்கே, யாருடன், எப்படி வாழ விருப்பம் என்று கேட்பதில் வேலை தொடங்குகிறது. இருபது ஆண்டு உள்ளேயே இருந்தவருக்கு இக்கேள்விக்கு உடனே பதில் வராது. ஒருமுறை வெளியே அழைத்துப்போய் வீடுகளைக் காட்டி, வெளியே வாழும் மற்றொருவரோடு பேசவைத்த பிறகே பதில் வரும். பிறகு காகித வேலைகள்: அடையாள அட்டை தொலைந்திருக்கும், பிறப்புச் சான்றிதழ் இருக்காது, வங்கிக் கணக்கு இருக்காது. இவை இல்லாமல் வாடகை வீடு கிடைக்காது.

வீடுதான் எல்லாவற்றிலும் கடினமானது. சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் கதவும், படியில்லாத வாசலும், கட்டுப்படியாகும் வாடகையும் ஒன்றாக அமைவது அரிது. மெடிக்கெய்ட் வீட்டு வாடகையைத் தருவதில்லை. முன்பணம், மின் இணைப்பு, பாத்திரம், கட்டில் போன்ற தொடக்கச் செலவுகளை மட்டும் ஏற்கும். வாடகைக்கு வேறு துறையின் வீட்டு உதவியைத் தேடி அலைய வேண்டும். ஆள் தயார், மருத்துவர் ஒப்புதல் தயார், உதவியாளர் தயார், வீடு மட்டும் இல்லை என்பதால் நின்றுபோகும் இடமாற்றங்கள் பல.

அடுத்து உதவியாளர். நாள்தோறும் எத்தனை மணி நேரம், எந்தெந்த வேலைக்கு என்று எழுதப்படுகிறது. காலையில் வர வேண்டிய உதவியாளர் வராவிட்டால் யாரை அழைப்பது என்பதும் எழுதப்பட வேண்டும். படுக்கையிலிருந்து தாமே எழ முடியாதவருக்கு இது உயிர்ப் பிரச்சினை. குடிபோன பிறகும் ஒருங்கிணைப்பாளர் வந்து பார்த்துக்கொண்டிருப்பார். தனிமை, பணத்தைச் சேர்த்துக் கையாளத் தெரியாமை, பக்கத்து வீட்டாரின் தயக்கம் ஆகியவை குடிபோன பிறகே வெளிப்படும்.

இவற்றில் எதையும் அவசரத்தில் விட்டுவிட முடியாது. ஓம்ஸ்டெட் வழக்கு பிறந்த ஜார்ஜியாவே, தீர்ப்புக்கு 11 ஆண்டுகள் கழித்து, 2010இல் கூட்டாட்சி நீதித்துறையோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டியதாயிற்று. அதன்படி நடந்த இடமாற்றங்களின் தரத்தில் குறைகள் தெரிந்ததால், 2013இல் மாநிலம் அவற்றைச் சில காலம் நிறுத்தி வைத்தது.

அவசரம் உயிரைக் குடித்த இடம்

அமெரிக்காவுக்கு வெளியே நடந்த ஒன்றை இங்குக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. தென்னாப்பிரிக்காவின் கௌடெங் மாகாண அரசு, லைஃப் எசிடிமெனி என்ற தனியார் நிறுவனத்தின் இல்லங்களில் தான் பணம் கட்டி வைத்திருந்த மனநல நோயாளிகளை வெளியேற்றப்போவதாக 2015 அக்டோபரில் அறிவித்தது. செலவைக் குறைப்பதும், சமூகத்தில் வாழவைப்பதும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. மருத்துவர்களும் குடும்பத்தாரும் எச்சரித்தனர். அடுத்த ஆண்டில் 1,700க்கும் மேற்பட்டோர் சில மாதங்களுக்குள் இடம் மாற்றப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோரை ஏற்ற தொண்டு நிறுவனங்களிடம் முறையான உரிமமோ, பயிற்சி பெற்ற பணியாளரோ, சில இடங்களில் போதிய உணவோ இருக்கவில்லை. நோயாளிகளோடு மருத்துவக் குறிப்பேடுகள்கூடச் சரியாகப் போகவில்லை. 144 பேர் இறந்தனர். ஓய்வுபெற்ற துணைத் தலைமை நீதிபதி டிக்காங் மொசெனெகே 2018இல் வழங்கிய நடுவர் தீர்ப்பு, குடும்பங்களுக்கு இழப்பீடு தர உத்தரவிட்டது. சமூக வாழ்வு என்ற நல்ல சொல்லைப் பயன்படுத்தி நடந்த இதில், சமூகமும் இல்லை, ஒருவரிடமும் அவருடைய விருப்பத்தைக் கேட்கவும் இல்லை.

இந்திய நிலை

ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை 2006இல் ஏற்கப்பட்டது. யாருடன், எங்கே வாழ்வது என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அதன் 19ஆம் பிரிவு கூறுகிறது. இந்தியா 2007இல் அதை உறுதிப்படுத்தியது. அதன் தொடர்ச்சியாக வந்த 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டமும் சமூகத்தில் வாழும் உரிமையை ஏற்கின்றன. குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை, ஊரில் வசதி இல்லை என்பவற்றை மட்டும் காரணமாக்கி ஒருவரை மனநல நிலையத்தில் தொடர்ந்து வைத்திருக்கக் கூடாது என்று பின்னைய சட்டத்தின் 19ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. லோயிஸ் கர்ட்டிஸ் மூன்றாண்டு காத்திருந்ததற்குச் சொல்லப்பட்ட காரணம் இங்குச் சட்டப்படி செல்லாது.

தமிழ்நாட்டில் இப்பொருள் பேசப்படும்போது ஏர்வாடி நினைவுக்கு வராமல் இருக்காது. 2001 ஆகஸ்டு 6 அன்று அங்கு ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் பற்றிய தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் இறந்தனர். அதன்பின் அரசின் கவனம் பெரும்பாலும் காப்பகங்களுக்கு உரிமம் வழங்குவதிலும் கண்காணிப்பதிலும் சென்றது. அது தேவையானதே, ஆனால் உள்ளே இருப்பவர் வெளியே வரும் வழி வேறு.

அவ்வழியில் சென்னையிலிருந்து தொடங்கிய முயற்சி ஒன்று உண்டு. வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் ஆகியோர் 1993இல் தொடங்கிய பான்யன் அமைப்பு, வீடற்ற மனநோயுற்ற பெண்களுக்காகச் செயல்படுகிறது. சிகிச்சை பெற்றுத் தேறியவர்களில் பலரைக் குடும்பத்தோடு சேர்த்தனர். போக வீடில்லாதவர்கள் ஆண்டுக்கணக்கில் காப்பகத்திலேயே தங்கிவிட்டனர். அவர்களுக்காக 2015இல் ஹோம் அகெய்ன் என்ற திட்டம் தொடங்கப்பட்டது. சாதாரணத் தெருவில் ஒரு வாடகை வீடு. அதில் நான்கைந்து பெண்கள், அவர்களோடு ஓர் உதவியாளர். என்ன சமைப்பது, எப்போது கடைக்குப் போவது என்பதை அவர்களே முடிவு செய்கின்றனர். மருந்தும் மருத்துவரின் பார்வையும் வீட்டோடு வருகின்றன. கேரளத்துக்கும் அசாமுக்கும் இம்முறை சென்றிருக்கிறது. இதற்கெல்லாம் பெருமளவு பணம் தருவது நன்கொடையாளர்கள். அரசு மருத்துவமனையில் ஒரு படுக்கைக்கு ஒதுக்கப்படும் தொகை, படுக்கையை விட்டு எழுந்து வாடகை வீட்டுக்குப் போகும் பெண்ணோடு போவதற்கு அமெரிக்கத் திட்டத்தைப் போன்ற ஏற்பாடு எதுவும் இந்தியாவில் நாடு தழுவிய அளவில் இல்லை.